ஜாவாவில் சோப் அழைப்புக்கு செக்யூரிட்டி ஹெடர்: டைஜஸ்ட் பொருந்தவில்லை

திருச்சி_டெவ்:
வணக்கம். ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பழைய சோப் (SOAP, எக்ஸ்எம்எல் செய்திகளால் பேசும் முறை) சேவையை ஜாவா 17-இலிருந்து அழைக்கிறேன். ஹெடரில் யூசர்நேம்டோக்கன் (யூசர் பெயரும் பாஸ்வேர்டும் தாங்கும் பகுதி) கேட்கிறார்கள், பாஸ்வேர்டு டைஜஸ்ட் வகை, அதாவது பாஸ்வேர்டை அப்படியே அனுப்பாமல் அதன் ஹாஷை அனுப்புவது. போகும், வரும் செய்திகளை இடைமறிக்கும் சோப்ஹேண்ட்லர் எழுதி, அதன் ஹேண்டில்மெசேஜ் மெத்தடில் ஹெடரைச் சேர்த்திருக்கிறேன். சோப்யூஐ என்ற சோதனைக் கருவியில் அதே யூசர், அதே பாஸ்வேர்டு கொடுத்தால் பதில் வருகிறது. என் கோடில் ஃபெயில்டுஆதென்டிகேஷன். நான் செய்வது: 16 பைட் நான்ஸ் (ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ரேண்டம் மதிப்பு), அதன் பேஸ்64 (பைட்டுகளை எழுத்துகளாக மாற்றும் முறை) ஸ்ட்ரிங்கோடு நேரம், பாஸ்வேர்டு ஒட்டி ஷா-1 ஹாஷ், அதற்கு மறுபடி பேஸ்64. நேரத்துக்கு லோக்கல்டேட்டைம்.நவ், முடிவில் 'இசட்'.

கோட்_கணேசபுரம்:
கையால் எழுத வேண்டாமே. அப்பாச்சி சிஎக்ஸ்எஃப் (ஜாவா வெப் சர்வீஸ் நூலகம்) இருந்தால், டபிள்யூஎஸ்எஸ்4ஜே என்ற பாதுகாப்பு நூலகத்தைப் பயன்படுத்தும் அதன் இன்டர்செப்டரே இதைப் பார்த்துக்கொள்ளும்.

பழைய_ஜாவாக்காரன்:
நூலகம் போட்டால் நல்லதுதான். ஆனால் காரணம் புரியாமல் மாற்றினால் அடுத்த சேவையிலும் இதே இடத்தில் நிற்பீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். ஓயாசிஸ் என்ற தர நிர்ணய அமைப்பு 2004-இல் வெளியிட்ட வரையறைப்படி, ஷா-1-க்குள் போகவேண்டியது நான்ஸின் மூல பைட்டுகள். பேஸ்64 வடிவம் எக்ஸ்எம்எல்-லில் வைக்க மட்டும்தான். சர்வர் அதை டிகோடு செய்துவிட்டுத்தான் கணக்கிடும். நீங்கள் எழுத்துகளையே ஹாஷ் செய்தால் ஒருநாளும் பொருந்தாது.

அடுத்து நேரம். 'இசட்' என்றால் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். சென்னையில் காலை 10 மணிக்கு லோக்கல் நேரத்தோடு 'இசட்' ஒட்டினால், சர்வருக்கு அது இன்னும் ஐந்தரை மணி நேரம் கழித்து வரப்போகும் நேரம். டபிள்யூஎஸ்எஸ்4ஜே இயல்பாக 300 விநாடி பழையதுவரை ஏற்கும், எதிர்காலம் என்றால் 60 விநாடிதான். இன்ஸ்டன்ட்.நவ் எடுத்து மில்லிசெகண்டுக்கு வெட்டிவிடுங்கள். ஹாஷில் போன அதே ஸ்ட்ரிங்தான் கிரியேட்டட் எலிமென்டிலும் இருக்க வேண்டும். இரண்டு முறை நவ் அழைக்காதீர்கள்.

ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன்: இந்த ஹெடரை லாக்கில் எழுதவே எழுதாதீர்கள். நான்ஸும் நேரமும் அதிலேயே இருப்பதால், லாக் கைக்குக் கிடைத்தவன் உட்கார்ந்த இடத்திலேயே பாஸ்வேர்டை யூகித்துப் பார்க்கலாம். ஷா-1 வேகமானது, பலவீனமான பாஸ்வேர்டு தாங்காது. எச்டிடிபிஎஸ் இல்லாமல் அனுப்பவும் வேண்டாம்; டைஜஸ்ட் செய்தியின் உடலைக் காப்பதில்லை.

திருச்சி_டெவ்:
ரொம்ப நன்றி, உள்ளே போய்விட்டது! ஆனால் இப்போது பதில் வரும்போது மஸ்ட்அண்டர்ஸ்டாண்ட் என்று எக்ஸெப்ஷன் விழுகிறது.

பழைய_ஜாவாக்காரன்:
அப்படியென்றால் சர்வரும் ஒரு செக்யூரிட்டி ஹெடரை மஸ்ட்அண்டர்ஸ்டாண்ட்=1 ('பெறுபவர் இதைக் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும்') என்று அனுப்புகிறது. உங்கள் ஹேண்ட்லரில், எந்த ஹெடர்களைக் கையாள்வீர்கள் என்று சொல்லும் கெட்ஹெடர்ஸ் மெத்தட் நல் திருப்புகிறதா பாருங்கள். செக்யூரிட்டி எலிமென்டின் கியூநேமை (நேம்ஸ்பேஸோடு கூடிய முழுப் பெயர்) ஒரு செட்டில் போட்டு அங்கே திருப்புங்கள், சரியாகிவிடும். ஆனால் அப்படிச் செய்தால் 'இந்த ஹெடரை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று ரன்டைமிடம் ஒப்புக்கொள்கிறீர்கள். பதிலில் டைம்ஸ்டாம்போ கையொப்பமோ வந்தால் அதைச் சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு. அந்த நிலை வந்தால் மேலே சொன்ன இன்டர்செப்டருக்கு மாறிவிடுங்கள். கையொப்பச் சரிபார்ப்பைச் சொந்தமாக எழுத வேண்டாம்.