தாய்லாந்து போய் வந்தவருக்குக் காய்ச்சல், கல்ச்சரில் ‘சூடோமோனாஸ்’: மெலியாய்டோசிஸா?

வார்டு மருத்துவர்:
52 வயது ஆண், சர்க்கரை நோயாளி. மழைக்காலத்தில் வடகிழக்குத் தாய்லாந்தின் வயல் பகுதிகளில் தங்கியிருந்தவர். திரும்பிய 9ஆம் நாள் காய்ச்சல், இருமல். மலேரியா, டெங்கு நெகட்டிவ். செஃப்ட்ரியாக்சோன் ஆன்டிபயாட்டிக் 3 நாளாகப் போகிறது, பலனில்லை. இரத்தக் கல்ச்சரில் கிராம் நெகட்டிவ் பேசில்லஸ் (கோல் வடிவ பாக்டீரியா) வளர்ந்திருக்கிறது. தானியங்கிக் கருவி ‘சூடோமோனாஸ் இனம்’ என்கிறது. ஜென்டாமைசின் சேர்க்கட்டுமா?

நுண்ணுயிர் ஆய்வகம்:
வேண்டாம் டாக்டர். இது மெலியாய்டோசிஸ் நோயை உண்டாக்கும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை கிருமியாக இருக்கலாம். மலேசியாவின் சரவாக் பகுதியின் சில வகைகளைத் தவிர, அதற்கு ஜென்டாமைசின் கேட்காது. முதலில் கல்ச்சர் தட்டைப் பார்ப்பவருக்குப் போன் செய்து, நோயாளி எங்கிருந்து வந்தார், உங்கள் சந்தேகம் என்ன என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மாசு என்று தட்டைத் தூக்கி எறிந்துவிடும் ஆபத்து நிஜமானது. கருவி இதை சூடோமோனாஸ் என்றோ பர்க்ஹோல்டேரியா செபேசியா என்றோ தவறாகச் சொல்வது வழக்கம். ஆக்ஸிடேஸ் பாசிட்டிவ், ஜென்டாமைசின், கோலிஸ்டின் இரண்டு வட்டுக்கும் (மருந்து ஊறிய காகித வட்டு) அடங்காது, கோ-அமாக்ஸிகிளாவுக்கு அடங்கும்: இந்த மூன்று வட்டுச் சோதனையே வலுவான தடயம். தொண்டை, மலக்குடல் ஸ்வாப், சிறுநீர், சளி, சீழ் இருந்தால் அதுவும் ஆஷ்டவுன் அகாரில் (இந்தக் கிருமியை வளர்க்கும் தனி ஊடகம்) போடச் சொல்லுங்கள். சுருங்கிய ஊதாக் காலனி தெரியச் சில நாள் ஆகும். தட்டை 7 நாள் வைத்திருக்க வேண்டும். ஒரு கல்ச்சர் நெகட்டிவ் என்பதால் நோய் இல்லை என்று ஆகாது.

தொற்றுநோய் மருத்துவம்:
உறுதியாகும்வரை காத்திருக்காதீர்கள். செஃப்ட்ரியாக்சோனை நிறுத்திவிட்டு, செஃப்டாசிடிம் 2 கிராம் 6 மணிக்கு ஒருமுறை. ரத்த அழுத்தம் விழுந்தால், ஐசியூ தேவைப்பட்டால், மெரோபெனம் 1 கிராம் 8 மணிக்கு ஒருமுறை. மூளையில் தொற்று என்றால் 2 கிராம். சிறுநீரகச் செயல்பாட்டுக்கு ஏற்பக் குறைக்க வேண்டும். ஊசி மருந்து குறைந்தது 14 நாள். ஆழமான சீழ்க்கட்டி, எலும்பு, மூளை என்றால் இன்னும் பல வாரம். வயிறு, இடுப்பு சிடி அவசியம்: கல்லீரல், மண்ணீரல், ஆண்களுக்கு புராஸ்டேட்டிலும் சீழ் மறைந்திருக்கும், வலியே இருக்காது. காய்ச்சல் தணிய ஒரு வாரத்துக்கு மேலாவது இந்த நோயில் சகஜம். அதை மட்டும் வைத்து மருந்தை மாற்றினால் வீண் குழப்பம்.

பிறகு கோ-ட்ரைமாக்ஸசோல் குறைந்தது 3 மாதம். எடை 60 கிலோவுக்கு மேல் என்றால் 160/800 மி.கி. மாத்திரை இரண்டு, 12 மணிக்கு ஒருமுறை, கூடவே ஃபோலிக் அமிலம். பொட்டாசியம், கிரியாட்டினின், இரத்த அணுக்களை வாராவாரம் பாருங்கள். உடம்பு தேறியதும் நோயாளி மாத்திரையை விட்டுவிடுவார். நோய் திரும்புவது பெரும்பாலும் அப்படித்தான். டிஸ்சார்ஜ் நாளிலேயே குடும்பத்தாரையும் உட்கார வைத்து விளக்குங்கள்.

வார்டு மருத்துவர்:
மருந்து மாற்றியாயிற்று, நன்றி. தட்டைத் திறந்த மேசையில் கையாண்ட டெக்னீஷியனுக்கு?

நுண்ணுயிர் ஆய்வகம்:
தட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாரா, காற்றில் தெறிக்கும்படி ஏதாவது செய்தாரா, அவருக்குச் சர்க்கரை நோய் உண்டா என்று கேளுங்கள். ஆபத்து அதிகம் என்றால் கோ-ட்ரைமாக்ஸசோல் 21 நாள், கூடியவரை 24 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எப்படியானாலும் 21 நாள் தினமும் இருவேளை காய்ச்சல் பார்க்கட்டும். மீதி வேலையெல்லாம் இனி பாதுகாப்புப் பெட்டிக்குள்தான்.