முதன்முறை பல் மருத்துவரிடம் செல்லும் அம்மாவுக்கு என்ன சொல்லி வைப்பது?

கேள்வி (தங்கச்சிமடம்):
58 வயதான என் அம்மா, பல்வலி வந்தால் கிராம்பை வைத்தே சமாளித்துவிடுவார். இப்போது கடைவாய்ப் பல் ஆடுவதால் ராமநாதபுரத்துக்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். போன அன்றே பல்லைப் பிடுங்கிவிடுவார்களோ என்று அஞ்சுகிறார். அங்கே என்ன நடக்கும்?

மறுமொழி 1 (மண்டபம்):
பல் மருத்துவமனையில் பணிபுரிபவள் என்ற முறையில் சொல்கிறேன், சகோதரரே. முதல் நாளில் பெரும்பாலும் பரிசோதனைதான். நோய் விவரங்களைக் கேட்டு, இரத்த அழுத்தம் பார்த்து, சிறு கண்ணாடியாலும் மெல்லிய கம்பியாலும் ஈறு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து, தேவையானால் எக்ஸ்ரே எடுப்பார்கள். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையால் ஈறு நோய் முற்றும், புண்ணும் தாமதமாகவே ஆறும் என்பதால், அண்மைய இரத்தப் பரிசோதனைச் சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் அப்படியே கொண்டு செல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை, பல் எடுக்கப் போகிறோம் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது இதயத்துக்கே ஆபத்தாக முடியலாம்.

மறுமொழி 2 (கீழக்கரை):
வெறும் வயிற்றோடு அழைத்துச் செல்ல வேண்டாம். காலை உணவையும் மாத்திரையையும் வழக்கம்போல் கொடுங்கள். மரத்துப்போக ஊசி போட்டால் இரண்டு, மூன்று மணி நேரம் உதடு உணர்விழந்திருக்கும். பேருந்து நிலையத்தில் சூடாகத் தேநீர் குடித்து வாயைச் சுட்டுக்கொள்பவர்கள் உண்டு. சிகிச்சைக்கு முன்பே செலவையும், எத்தனை முறை வர வேண்டும் என்பதையும் கேட்டுவிடுங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மறுமொழிகளை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வியாழக்கிழமை போகலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.