கொடியைக் 'காடி' என்று வாசிக்கிறார்கள்

கேள்வி: திருகோணமலை உப்புவெளிப் பக்கம் தரம் 2 பிள்ளைகள் ஆறு பேருக்குக் கிழமையில் இரண்டு நாள் வாசிக்க உதவுகிறோம். தனி எழுத்தைச் சரியாகச் சொல்கிறார்கள், சொல்லில் தடுமாறுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் 1: 247 எழுத்தையும் வரிசையாகச் சொல்ல வைத்தால் பாட்டுப்போல ஒப்புவிப்பார்கள், அது வாசிப்பல்ல. 'கொ'வில் கொம்பு முன்னுக்கும் கால் பின்னுக்கும் நிற்கும். கண் கொம்பைத் தவறவிட்டால் 'கா'தான் மிஞ்சும். க, கா, கெ, கொ நான்கையும் மட்டையில் எழுதி, கொம்பை மட்டும் சிவப்பில் போடுங்கள். கலைத்துக் காட்டி வாசிக்க விடுங்கள். இது பிடிபட்ட பிறகுதான் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு வித்தியாசம். உங்கள் கையெழுத்தையும் பாருங்கள்: 'ர'வின் கீழ்க்கோடு தெரியாவிட்டால் 'மரம்' 'மாம்' ஆகிவிடும்.

பதில் 2: ஆறு பேரும் ஒன்றாக வாசித்தால் ஒருவர்தான் வாசிப்பார், மற்றவர்கள் பின்பாட்டு. இரண்டிரண்டு பேராகப் பிரித்து, 15 நிமிடத்துக்கு ஐந்து புதுச்சொல் போதும். தடுமாறினால் உடனே சொல்லிக் கொடுக்காமல் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள்.

பதில் 3: சொற்களை வீட்டுப்பக்கத்திலிருந்து எடுங்கள்: தோணி, வலை, சூடை, கணவாய். 'தோணி'யில் இரட்டைக் கொம்பும் வந்துவிடும். வாசிக்கும்போது ல, ள, ழ உச்சரிப்பைத் திருத்தப் போகாதீர்கள், ஓட்டம் அறுந்துவிடும். அதை வேறு நாளுக்கு வையுங்கள்.