உபுண்டு சர்வரின் ஐபி மாறிக்கொண்டே இருக்கிறது, எப்படி நிலையாக வைப்பது?

திருப்பூர்க்காரன்:
எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் உபுண்டு சர்வர் 24.04 போட்டு, சாம்பாவில் ஃபைல் ஷேரிங் வைத்திருக்கிறேன். எல்லோரும் 192.168.1.7 என்றுதான் டிரைவை மேப் செய்திருக்கிறார்கள். கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் வேறு எண்ணைக் கொடுத்துவிடுகிறது, இப்போது 12. காலையில் ஆபீஸே என் டேபிளைச் சுற்றி நிற்கிறது. இன்டர்ஃபேசஸ் ஃபைலில் அட்ரஸ் எழுதிப் பார்த்தேன், சர்வர் கண்டுகொள்ளவே இல்லை. நெட்பிளான் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பு) ஃபோல்டரில் 50 என்று தொடங்கும் கிளவுட்-இனிட் ஃபைல் இருக்கிறது, அதைத் திருத்தலாமா? சர்வருக்கு மானிட்டர் கிடையாது, வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போவது மட்டும்தான்.

நைட்ஷிப்ட்:
இன்டர்ஃபேசஸ் ஃபைலை மறந்துவிடுங்கள். 2017-இல் வந்த 17.10-லேயே உபுண்டு நெட்பிளானுக்கு மாறிவிட்டது, தேடினால் வருவதெல்லாம் இன்னும் பழைய கதைதான்.

50-இல் கை வைக்க வேண்டாம். அது சர்வரை முதலில் அமைத்துக் கொடுக்கும் கிளவுட்-இனிட் தானே எழுதும் ஃபைல், நீங்கள் திருத்தியது தங்கும் என்று நம்ப முடியாது. அதே ஃபோல்டரில் 99 என்று தொடங்கும் யாமில் ஃபைல் ஒன்று புதிதாகப் போடுங்கள். பெயர் வரிசையில்தான் படிக்கும், பின்னால் வருவது சொன்னதே செல்லும். அதில் டிஎச்சிபி4 ஃபால்ஸ் (ரவுட்டரிடம் ஐபி கேட்காதே) என்று கட்டாயம் எழுதுங்கள். விட்டால் 50-இல் இருக்கும் ட்ரூ உயிரோடு இருக்கும், ஒரே கார்டுக்கு இரண்டு ஐபி வந்து நிற்கும்.

அட்ரஸோடு /24 (நெட்வொர்க்கின் அளவு) வேண்டும். ரவுட்டரைக் காட்டும் கேட்வே4 வரி வழக்கொழிந்தது, ரூட்ஸ் என்று போட்டு அதன் கீழ் டு டிஃபால்ட், வயா 192.168.1.1. நேம்சர்வரை (பெயரை ஐபியாக மாற்றித் தருவது) விட்டால் ஐபிக்குப் பிங் போகும், அப்டேட் போகாது. டேப் தட்டாதீர்கள், ஸ்பேஸ் மட்டும். ஃபைல் பர்மிஷன் 600, அதாவது உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத.

மானிட்டர் இல்லாததால் 'நெட்பிளான் ட்ரை' கொடுங்கள். 120 விநாடிக்குள் என்டர் தட்டாவிட்டால் பழையபடி ஆகிவிடும். ஒரு சிக்கல்: ஐபி மாறிய நொடியே உங்கள் எஸ்எஸ்எச் உறைந்துவிடும், எங்கே போய் என்டர் தட்டுவது? அதனால் இணைப்பு அறுந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும் டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள். புது ஐபியில் உள்ளே வந்து அதே செஷனைப் பிடித்துத் தட்டலாம்.

கம்பிவலை:
இதற்கு இவ்வளவு பாடா? ரவுட்டரில் மேக் அட்ரஸுக்கு (நெட்வொர்க் கார்டின் எண்) எப்போதும் ஒரே ஐபி என்று ரிசர்வேஷன் போட்டால் முடிந்தது.

நைட்ஷிப்ட்:
போடலாம். ஆனால் உபுண்டு சர்வர் டிஎச்சிபி கேட்கும்போது தன் அடையாளமாக மேக்கை அனுப்பாது, டியூஐடி என்று வேறொன்றை அனுப்பும். சில ரவுட்டர்கள் அதைப் பார்த்து ரிசர்வேஷனைக் கைவிட்டுவிடும். நெட்பிளானில் டிஎச்சிபி-ஐடென்டிஃபையர் மேக் என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகும். எப்படியும் ஒரு ஃபைலைத் தொட்டாக வேண்டும். அப்புறம், நெட் கம்பெனிக்காரர் ரவுட்டரை மாற்றினால் ரிசர்வேஷனும் அதோடு போய்விடும். சர்வரின் அட்ரஸ் சர்வரிலேயே இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

திருப்பூர்க்காரரே, ரவுட்டரின் டிஎச்சிபி பூல், அதாவது அது தானாகக் கொடுக்கும் எண்கள், எதிலிருந்து எதுவரை? நீங்கள் சர்வருக்குக் கொடுக்கிற ஐபி அதற்கு வெளியே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருநாள் யாராவது ஒருவரின் போனுக்கும் அதே எண் போய் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

திருப்பூர்க்காரன்:
2 முதல் 254 வரை திறந்து கிடந்தது. தொடக்கத்தை 50 ஆக்கினேன், அதனால் 7-ஐயே சர்வருக்கு வைத்துக்கொள்ள முடிந்தது. அந்த எண் எங்கள் ஜூனியரின் மொபைலில் இருந்தது. வைஃபையை அணைத்துப் போட்டதும் 61 வாங்கிக்கொண்டது. டிமக்ஸில் ட்ரை, 7-இல் உள்ளே வந்து என்டர், சரியாகிவிட்டது அண்ணா. டிரைவ் மேப்பை யாரும் தொடவே வேண்டியிருக்கவில்லை. பிரிண்டரும் இப்படித்தான் அலைகிறது, அதற்குக் கம்பிவலை சொன்ன ரிசர்வேஷனைப் போடப்போகிறேன்.