தீம் பார்க் பதிவுகளில் கூட்டத்தின் சத்தத்தை எப்படிச் சமாளித்தீர்கள்?

கலிஃபோர்னியாவிலிருந்து

சவாரியை வீடியோ எடுப்பவர்கள் ஏராளம். ஒலியை மட்டும் பதிவு செய்துகொண்டு வந்து வீட்டில் கேட்கிற ஆட்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேருக்கும் தீராத தலைவலி பக்கத்தில் நிற்கிறவரின் பேச்சு. என் அனுபவத்தைச் சொல்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.

அனாஹெய்ம் டிஸ்னிலேண்டில் ஹான்டட் மேன்ஷன் என்கிற பேய் வீட்டுச் சவாரி 1969-இல் திறந்தது. உள்ளே போனதும் சுவர் நீண்டுகொண்டே போகிற ஓர் அறை வரும். அங்கே மைக்கை நீட்டுவது வீண் வேலை. பலருக்கு வசனம் மனப்பாடம். பேயின் குரல் பேசப் பேச இவர்களும் கூடவே ஒப்பிக்கிறார்கள். விளக்கு அணைந்ததும் கத்துவதற்கென்றே வருகிறவர்களும் உண்டு. அதே நேரத்தில், அதே அலைவரிசையில், வசனத்தைவிட உரக்க ஒலிக்கிற அலறலைப் பிற்பாடு பிரித்தெடுக்க வழியில்லை.

அடுத்து ஏறுகிற டூம் பக்கி என்கிற வண்டி வேறு கதை. வண்டியின் கூடு தலைக்கு மேலே வளைந்து மூடியிருக்கும். ஸ்பீக்கரும் வண்டிக்குள்ளேயே, தலைக்குப் பக்கத்தில். சட்டைக் காலரில் மாட்டுகிற சின்ன மைக்கைத் தொப்பியின் ஓரத்தில் குத்திக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்துவிடுவேன். முன் வண்டியில் சிரிப்பவர்கள் லேசாகத்தான் கேட்பார்கள். எந்தச் சவாரிக்குப் போனாலும் இப்போதெல்லாம் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் தேடுகிறேன்.

செல்போனில் எடுப்பவர்களுக்கு ஒன்று. இசை மெல்ல இறங்கும்போது போன் தானாகவே ஒலியளவை ஏற்றிவிடும். அந்த இடைவெளியில் கூட்டம் பெரிதாகிவிடும். இந்தத் தானியங்கி ஏற்றத்தை அணைக்க முடிகிற ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். எம்பி3 வேண்டாம், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகவே சேமியுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து

ஸ்பீக்கரைத் தேடுவது பற்றிச் சொன்னது சரி. செந்தோசாவில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் போனால் நான் பாதி நேரம் செடிகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பின்னணி இசை எங்கிருந்து வருகிறது என்று காதை வைத்துத் தேடினால், புதருக்கு நடுவிலோ விளக்குக் கம்பத்தின் மேலோ ஸ்பீக்கர் அகப்படும். திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி சுமார் 6 டெசிபல் ஏறும். நாலு மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு நகர்ந்தால் 12 டெசிபல். உங்களைச் சுற்றியிருக்கிற கூட்டத்தின் சத்தம் அதே அளவில்தான் இருக்கும். எந்த மென்பொருளும் இவ்வளவு சுத்தமாக இந்த லாபத்தைத் தராது.

கூட்டம் என்பதில் நம் வீட்டு ஆட்களும் சேர்த்தி. என் பதிவுகளில் மிகத் தெளிவாகக் கேட்கிற குரல், "அப்பா, இன்னும் எவ்வளவு நேரம்?" இப்போது பிள்ளைகளை அவர்கள் அம்மாவோடு ஐஸ்கிரீம் வரிசையில் நிறுத்திவிட்டு நான் மட்டும் புதர்ப் பக்கம் போகிறேன். பார்க்கிறவர்கள் என்ன நினைக்கிறார்களோ தெரியாது.

சென்னையிலிருந்து

எடிட்டிங் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். ஆடாசிட்டி என்கிற ஒலி எடிட்டிங் மென்பொருளில் இரைச்சல் குறைப்பு இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். அது ஏசி, மின்விசிறி மாதிரி ஒரே சீராக ஓடுகிற சத்தத்துக்கு. மாதிரிக்கு ஒரு துண்டு காட்டினால் அதைக் கழித்துத் தரும். மனிதப் பேச்சு நொடிக்கு நொடி மாறுகிறது, மாதிரி எதைக் காட்டுவது? இழுத்துப் பிடித்துப் போட்டால் பேச்சும் போகாது, இசை தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும்.

பலன் தருவது பல தடவை பதிவு செய்வது. பூங்காவின் பின்னணி இசை சுற்றிச் சுற்றி வரும், கூட்டத்தின் பேச்சு ஒவ்வொரு சுற்றிலும் வேறு. ஒரே இடத்தில் எடுத்த நாலு சுற்றுகளைத் துல்லியமாக ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் கூட்டினால், இசைக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி சுமார் 6 டெசிபல் கூடும். எழுதும்போது சுலபம். மைக் ஒரு சாண் நகர்ந்தாலே சிக்கல், ஏனென்றால் 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே சுமார் 34 செ.மீ.தான். பாதி அலைநீளம் தள்ளிப்போன ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். கருவியின் கடிகாரமும் கொஞ்சம் ஓடி விலகும். மில்லியனுக்கு 20 பங்கு விலகினால்கூட அரை மணி நேரத்தில் 36 மில்லிசெகண்ட்.

அதனால் நான் கூட்டுவதில்லை, வெட்டி ஒட்டுகிறேன். முதல் சுற்றில் குழந்தை அழுத இடத்துக்கு மூன்றாவது சுற்றின் துண்டு. ஒட்டுகிற இடத்தைத் தாளத்தின் அடியில் வைத்தால் யாருக்கும் தெரியாது. படகு, ரயில் மாதிரி நகரும் சவாரிகளில் இது எடுபடாது, ஒவ்வொரு தடவையும் வேகமும் நேரமும் மாறும்.

பாட்டைக் குரல், டிரம்ஸ் என்று தனித்தனித் தடங்களாகப் பிரித்துத் தருகிற டெமக்ஸ் போன்ற மென்பொருள்களும் பரவாயில்லை, ஆனால் பாட்டில்லாத இசைக்கு மட்டும். குரல் என்று பிரிகிற தடத்தைத் தூக்கிப் போட்டால் பேச்சில் பெரும்பகுதி அதோடு போய்விடும். கைதட்டல் டிரம்ஸ் தடத்தில் ஒட்டிக்கொள்ளும். பாடல் இருந்தால் பாடகரும் சேர்ந்து போவார்.

நெதர்லாந்திலிருந்து

எல்லாரும் கூட்டத்தை ஏன் விரட்டுகிறீர்கள் என்று ஒரு சந்தேகம். எஃப்டெலிங் பூங்காவில் ஹொல்லே பொல்லே கெய்ஸ் என்று ஒரு பெருந்தீனிக்காரர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு "காகிதம் இங்கே!" என்று டச்சில் கூவுவார், குப்பைத் தொட்டிதான். காகிதத்தைக் கொடுத்தால் உறிஞ்சிக்கொண்டு நன்றி சொல்வார். குழந்தைகளின் கூச்சலில்லாமல் அதைப் பதிவு செய்து என்ன பயன்? அங்கே ட்ரோம்ஃப்லுக்ட் சவாரியின் இசைக்கு மட்டும் நானும் சுத்தமான பதிவு தேடி அலைந்திருக்கிறேன்.

கலிஃபோர்னியாவிலிருந்து மறுபடியும்

தொட்டிக்குக் கூட்டம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். பேய் வீட்டுக்கு வேண்டாம். இன்னொன்று, டிஸ்னி பூங்காக்களில் காது சரியாகக் கேட்காதவர்களுக்காக முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு கையடக்கக் கருவி தருவார்கள். சில அரங்குகளில் அதன் ஹெட்போனில் நேரடி ஒலி கூட்டச் சத்தமே இல்லாமல் வரும். அதிலிருந்து ரெக்கார்டருக்கு வயர் போடுவதைப் பற்றிச் சிலர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். தேவைப்படுகிறவர் கைக்குப் போகவேண்டிய கருவி அது, நான் வாங்குவதில்லை. நமக்குத் தொப்பியும் மைக்கும் போதும்.