6,81,692: இதுவும் அமெரிக்கா கட்டிவிட்ட கதையா தோழர்?

கெடிலக்கரையான்:
ஜூலை 30 அன்னிக்கு நெல்லித்தோப்பு தோழர் மில் தியாகிகளுக்கு வீரவணக்கம் போட்டாரு. 1936-ல பாண்டியில பிரெஞ்சு போலீஸ் சுட்டு 12 தொழிலாளி செத்தாங்க, எட்டு மணி நேர வேலை வந்துச்சு. நானும் கும்பிட்டேன். அதோட நிறுத்தியிருக்கலாம். கீழயே "ஸ்டாலின் லட்சக்கணக்குல சுட்டாருங்கிறது அமெரிக்கா கட்டிவிட்ட கதை"ன்னு ஒரு வரி! 1937, 38 ரெண்டே வருஷத்துல சுட்டது 6,81,692 பேர். சோவியத் உள்துறையே 1953-ல உட்கார்ந்து போட்ட கணக்கு இது. 12 பேருக்கு அழுத கண்ணு இங்க ஏன் காஞ்சு போச்சு?

நெல்லித்தோப்பு தோழர்:
வந்துட்டாருய்யா கடலூர் கணக்குப்புள்ள. காலங்காலமா 2 கோடி, 6 கோடின்னு அடிச்சு விட்டீங்க. சோவியத் ஆவணக் காப்பகத்தைத் திறந்ததும் 6 லட்சத்துக்கு இறங்கிட்டீங்க. மிச்சம் 2 கோடி எங்க?

கெடிலக்கரையான்:
2 கோடின்னு நான் எப்ப சொன்னேன்? நான் கேக்குறது 6,81,692. உண்டா, இல்லையா?

நெல்லித்தோப்பு தோழர்:
2 கோடி எங்க?

மஞ்சக்குப்பம் டீச்சர்:
எண்ணை விடுங்க ரெண்டு பேரும். சிறை ஜன்னல்ல பொட்டலத்தோட நாள் முழுக்க வரிசையில நின்ன பொம்பளைங்ககிட்ட என்ன சொல்லி அனுப்பினாங்க தெரியுமா? "பத்து வருஷ தண்டனை, கடிதம் எழுத உரிமை இல்லை." ஆளைச் சுட்டுப் புதைச்சாச்சு, வீட்டுல பத்து வருஷம் காத்துக் கிடப்பாங்க. "துரோகியோட பொண்டாட்டி"ங்கிற குத்தத்துக்கே 5 முதல் 8 வருஷம் முகாம். புள்ளைங்க அநாதை விடுதிக்கு.

நெல்லித்தோப்பு தோழர்:
டீச்சரம்மா, உருக்கமா எழுதுறீங்க. 1943 வங்காளப் பஞ்சத்துல 30 லட்சம் பேர் செத்தப்ப யார் வீட்டுல கண்ணீர் விட்டாங்க, சர்ச்சிலை யார் திட்டினாங்க?

மஞ்சக்குப்பம் டீச்சர்:
சர்ச்சில் எங்க மாமனா? அவரையும் திட்டுறேன், எழுதிக்குங்க. 1932-33-ல உக்ரைன்ல பட்டினியில செத்த 35 லட்சத்துக்கும் மேலானவங்களை நீங்க ஒரு தடவை எழுதுங்க பாப்போம்.

சண்டே மார்க்கெட்:
எங்க தெருவுல மூணு வீட்டுக்கு ஒரு ஸ்டாலின் இருக்காரு. இதுல எந்த ஸ்டாலினைத் திட்டுறீங்கன்னு தெளிவா போடுங்கப்பா, பயமா இருக்கு.

கெடிலக்கரையான்:
காமெடி அப்புறம். தோழர், ஸ்டாலினோட ரகசியப் போலீஸ் போட்ட 00447-ங்கிற உத்தரவு. தேதி 1937 ஜூலை 30. உங்க தியாகிகள் நாளுக்கு சரியா ஒரு வருஷம் கழிச்சு! மாவட்டத்துக்கு இத்தனை பேரைச் சுடணும், இத்தனை பேரை முகாமுக்கு அனுப்பணும்னு ஒதுக்கீடு. ரேஷன் கடைக்கு அரிசி ஒதுக்குறாப்ல. பத்தலன்னு அதிகாரிங்க மாஸ்கோவுக்கு எழுதிக் கேட்டு ஏத்தி வாங்கினாங்க. வக்கீல் கிடையாது, மூணு பேர் குழு கையெழுத்துப் போட்டா முடிஞ்சது. மாஸ்கோ பக்கம் புத்தோவோ மைதானத்துல மட்டும் 20,000-க்கு மேல.

நெல்லித்தோப்பு தோழர்:
அதே காலத்துல ஹிட்லர் வாசல்ல நிக்கிறான். உள்ள ஐந்தாம்படை. 2 கோடியே 70 லட்சம் பேர் உயிரைக் குடுத்து உலகத்தைக் காப்பாத்தின நாடு அது. நீங்க அப்ப தேவனாம்பட்டினத்துல காத்து வாங்கிட்டிருந்தீங்க.

கெடிலக்கரையான்:
ஹிட்லர் வாசல்ல நிக்கிறப்பதான் சோவியத் படைத்தளபதி துகாச்செவ்ஸ்கியையே சுட்டாரா உங்க ஆளு? சரி, வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா எந்தப் படை? சரோஜினி நாயுடுவோட தம்பி. லண்டன்ல நம்ம வ.வே.சு. ஐயரோட கூட்டாளி. லெனின்கிராடுல புடிச்சு 1937 செப்டம்பர் 2-ல சுட்டாங்க. 1920-ல தாஷ்கண்டுல இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான அபனி முகர்ஜி? 1937 அக்டோபர்ல முடிச்சாங்க. உங்க கட்சியோட அப்பனையே சுட்டிருக்காங்க, அதுக்காவது ஒரு வீரவணக்கம்?

நெல்லித்தோப்பு தோழர்:
ரெண்டு பேரைச் சொல்லி 2 கோடிய நிரூபிக்கிறாரு. ஸ்டாலினுக்கு அப்புறம் வந்த குருசேவோட புளுகை நம்புறவங்ககிட்ட என்னத்தைப் பேச.

கெடிலக்கரையான்:
6,81,692 தோழர். ரெண்டு இல்ல. அதே தாஷ்கண்டுல கூட இருந்த எம்.பி.டி. ஆச்சார்யா, பாரதி ஆளு, 1922-லயே ருஷ்யாவை விட்டுக் கிளம்பிட்டாரு. இல்லன்னா நம்ம பக்கத்துக் கணக்குலயும் ஒண்ணு ஏறியிருக்கும்.

சண்டே மார்க்கெட்:
ஆச்சார்யா பாண்டி ஆளு. அவரை எதுக்குக் கடலூர் பக்கம் இழுக்குறீங்க?

கெடிலக்கரையான்:
பொறந்தது சென்னை. பத்திரிகை வேலையா பாண்டிக்கு வந்தாரு. வந்தவன் போனவன் எல்லாம் உங்க ஆளா?

நெல்லித்தோப்பு தோழர்:
பாண்டியைப் பத்தி கடலூர்காரன் பேசக்கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் எதுக்கு இந்தப் பக்கம் பஸ் ஏறுறீங்கன்னு ஊருக்கே தெரியும்.

மஞ்சக்குப்பம் டீச்சர்:
நான் கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

கெடிலக்கரையான்:
சொல்ல மாட்டாரு டீச்சர். புத்தகக் கண்காட்சியில நான் வாங்கின, முகாம் கைதிங்க பத்தின புத்தகத்தைப் படிக்க எடுத்துட்டுப் போனவரு, திருப்பவும் இல்ல, பிரிக்கவும் இல்ல.

நெல்லித்தோப்பு தோழர்:
படிச்சேன். 40-ஆம் பக்கத்துல தூங்கிட்டேன்.

கெடிலக்கரையான்:
அந்தக் கணக்கு 41-ல இருக்கு. புத்தகத்தைக் கொண்டாங்க.

நெல்லித்தோப்பு தோழர்:
முதல்ல 2 கோடி.