புதுப்பிப்பு: உப்புப் பூத்த சுவருக்கு என்ன நிறம் எண்டு கேட்டனான் எல்லே

மாசியில இங்க கேட்டனான், சித்திரைப் புதுவருசத்துக்கு முன்னம் அம்மாவின்ட பழைய வீட்டு ஹோலைக் கொஞ்சம் வடிவாக்கோணும், சுவரில பெயின்ற் உரிஞ்சு வெள்ளையா உப்புப் பூக்குது, என்ன நிறம் அடிக்கலாம், கதிரையளை மாத்தலாமோ எண்டு. இப்ப வேலை முடிஞ்சுது.

நிறத்துக்கு முதல் சுவரைப் பாருங்கோ எண்டு எழுதினவைக்கு நன்றி. அது சுண்ணாம்புச் சாந்து பூசின காலத்துச் சுவர், ஐப்பசி கார்த்திகை மழையில ஊறின ஈரம் காயேக்க உப்பையும் வெளியில கொண்டு வருது, மேல எமல்ஷன் பெயின்ற் அடிச்சா ஈரம் போக வழியில்லாமல் உள்ளுக்க நிண்டு பெயின்றைத் தள்ளுது. மேசன் அண்ணை எல்லாத்தையும் சுரண்டி, உப்பைக் காய்ஞ்ச பிரசால தட்டி (தண்ணியால கழுவினா உப்புக் கரைஞ்சு திரும்ப உள்ள போயிடும்), பங்குனி வெயிலில காயவிட்டு, சுண்ணாம்புதான் அடிச்சவர், கொஞ்சம் மஞ்சள் காவி கலந்து. சாஞ்சு நிண்டா சட்டையில லேசா மா ஒட்டும், சின்னப்பிள்ளையள் உள்ள வீட்டுக்குச் சரிவராது.

சோபா வாங்கேல்ல. சாய்மனைக் கதிரைக்குப் பிரம்பு புதுசா பின்னுவிச்சாச்சு, சுவரில முட்டாமல் ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கு, காத்துப் போகோணும். திரைச்சீலை வெள்ளைப் பருத்தி. சிவப்பும் பச்சையுமா சாயம் போட்ட பனையோலைப் பெட்டியள் ரண்டு மூண்டு, அவ்வளவுதான் அலங்காரம். ரிவிக்கு மேல இருக்கிற பிளாஸ்ரிக் பூச்சாடியை மட்டும் அம்மா தொட விடேல்ல, நானும் விட்டுட்டன்.

லைற் கேட்ட ஆளுக்கு: வோம் வைற்தான் (லேசா மஞ்சளடிக்கிற வெள்ளை வெளிச்சம்) போட்டனான், காவிச் சுவருக்கு அதுதான் எடுக்குது.